கம்பெனி பெயரைத் தேடினால் வருகிறது, பொருளைத் தேடினால் வரவில்லை

கேள்வி இதுதான். எடை மெஷின் விற்பனையும் சர்வீஸும் செய்கிற நிறுவனம். வெப்சைட் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது, நாற்பது பக்கங்கள் இருக்கின்றன. கம்பெனி பெயரைப் போட்டால் கூகுளில் முதலில் வருகிறது. 'எடை மெஷின் சர்வீஸ்', 'பிளாட்ஃபார்ம் எடை மெஷின்' என்று தேடினால் மூன்று பக்கம் தள்ளிப் பார்த்தும் காணவில்லை. ஒரு ஏஜென்சி 500 பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்) போட்டு 30 நாளில் முதலிடம் வாங்கித் தருகிறேன் என்கிறது. கொடுக்கலாமா? விளம்பரத்துக்குப் பணம் கட்டாமல் மேலே வர வேறு வழி உண்டா?

ஏஜென்சி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறது. 500 என்ற எண்ணும் 30 என்ற எண்ணும் சேர்ந்து வந்தாலே, ஆளே இல்லாத பதிவுத்தளங்களிலும் கைவிடப்பட்ட பிளாக்குகளிலும் ஒரு மென்பொருளை ஓடவிட்டு லிங்க் ஒட்டப்போகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இந்த வியாபாரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை யாராவது வந்து நின்றாலும் குழப்பம் வராது. லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது உருவாக்கிய பேஜ்ரேங்க் முறையில், ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்களிலிருந்து வரும் லிங்க்தான் ஓட்டு. முக்கியமான பக்கம் போடும் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். 1998ல் கூகுள் நிறுவனமானபோது மற்ற தேடுபொறிகளை அது தாண்டிப் போனதற்குப் பெரிய காரணம் இதுதான். ஓட்டுக்கு மதிப்பு இருக்கும் இடத்தில் ஓட்டு வியாபாரமும் வரும், வந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு கட்டுரை போட்டது. ஜேசி பென்னி என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம், உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் மாதக்கணக்கில் முதலிடத்தில் நின்றது. தோண்டிப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு லிங்க். கூகுள் கை வைத்ததும் ஒரு தேடலில் முதலாம் இடத்தில் இருந்தது இரண்டே மணி நேரத்தில் 71க்குப் போனது. எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது நிறுவனம். எஸ்இஓ, அதாவது தேடலில் மேலே கொண்டுவரும் வேலையை, பார்த்துக்கொண்டிருந்த கம்பெனியையும் நீக்கியது. ஆனால் விழுந்தது விழுந்ததுதான்.

அடுத்த வருடம், 2012 ஏப்ரலில், கூகுளின் தரவரிசை முறையில் பென்குவின் என்ற மாற்றம் வந்து இந்த மாதிரி தளங்களை மொத்தமாகக் கீழே தள்ளியது. 2016 செப்டம்பருக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் வேறு. போலி லிங்குகளைப் பெரும்பாலும் தண்டிப்பதில்லை, கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. உங்களைப் போன்ற சிறிய தளத்துக்கு அதுதான் நடக்கும். பணம் போகும், ஒன்றும் நடக்காது. எப்போதாவது ஒரு மனிதர் கையால் போடும் தண்டனையும் வரலாம், அது சர்ச் கன்சோலில் (தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் கருவி) 'மேனுவல் ஆக்‌ஷன்' என்ற இடத்தில் தெரியும். அப்படி ஒன்றும் அங்கே இல்லாதபோது 'இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளிடம் சொல்லும் 'டிஸ்அவோ' கருவியை யார் சொன்னாலும் தொடாதீர்கள். நல்ல லிங்கையும் சேர்த்து வெட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் சைட்டுக்கு வருவோம்.

பெயரைத் தேடினால் முதலில் வருகிறது என்பது நல்ல செய்தி. கூகுளுக்கு உங்களைத் தெரியும், உங்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் அதற்கு முகப்புப் பக்கம் ஒன்று இண்டெக்ஸில், அதாவது கூகுள் சேமித்து வைத்திருக்கும் பக்கங்களின் பட்டியலில், இருந்தாலே போதும். மீதி 39 பக்கங்கள் இருக்கின்றனவா என்று உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலானவர்கள் பார்த்ததே இல்லை. சர்ச் கன்சோல் இலவசம். தளம் உங்களுடையது என்று நிரூபித்தால் போதும், திறந்துவிடும். அதில் பக்கங்களுக்கான அறிக்கையில் எத்தனை இண்டெக்ஸ் ஆகியிருக்கின்றன, ஆகாதவை ஏன் ஆகவில்லை என்று காரணத்தோடு பட்டியல் இருக்கும். இதைப் பார்க்காமல் கீவேர்டு (மக்கள் தேடும் சொல்) பற்றிப் பேசுவதெல்லாம் வீண்.

என் கதையைச் சொல்கிறேன். நான் கவனித்துக்கொண்டிருந்த ஒரு தளத்தைப் புதுப்பித்தார்கள். டிசைன் அழகாக வந்திருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். சோதனைத் தளத்தில் வேலை நடக்கும்போது கூகுள் அதைத் தேடலில் காட்டக் கூடாது என்று டெவலப்பர் எல்லாப் பக்கத்திலும் நோஇண்டெக்ஸ் என்ற ஒரு வரியைப் போட்டிருந்தார். அது வழக்கம்தான், செய்ய வேண்டியதும்கூட. புதுத் தளத்தை வெளியே விட்டபோது அந்த வரியை எடுக்க மறந்துவிட்டார். நானும் பார்க்கவில்லை. இதில் வம்பு என்னவென்றால் மறுநாளே தெரியாது. கூகுள் ஒவ்வொரு பக்கமாக மறுபடி வந்து படிக்கும்போதுதான் ஒவ்வொன்றாக எடுத்துப் போடும். முதல் வாரம் ஐந்து பக்கம், அடுத்த வாரம் பத்து. போன் வருவது குறைகிறது, சீசன் டல் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஆறு வாரம் கழித்து எதற்கோ ஒரு பக்கத்தின் முகவரியை சர்ச் கன்சோலில் போட்டுப் பார்த்தபோது 'நோஇண்டெக்ஸ் டேகால் விலக்கப்பட்டது' என்று வந்தது. அந்த நாள் சாப்பாடு இறங்கவில்லை. அன்றிலிருந்து எந்தத் தளத்தைக் கையில் எடுத்தாலும் முதல் ஐந்து நிமிடம் இதற்குத்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம் உண்டு, டெவலப்பர்களே தடுமாறுவார்கள். ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பு, 'இந்தப் பக்கம் வராதே' என்று கிராலருக்கு, அதாவது பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் மென்பொருளுக்கு, சொல்வது. நோஇண்டெக்ஸ், 'வந்து படி, ஆனால் காட்டாதே' என்று சொல்வது. இரண்டையும் ஒரே பக்கத்துக்குப் போட்டால், உள்ளே வர வழியில்லாத கிராலருக்கு நோஇண்டெக்ஸ் வரி கண்ணில் படாது. வெளியே எங்காவது அந்தப் பக்கத்துக்கு லிங்க் இருந்தால், விவரம் எதுவும் இல்லாமல் வெறும் முகவரியாகத் தேடலில் வந்து நிற்கும். மறைக்க வேண்டிய பக்கத்துக்கு நோஇண்டெக்ஸ் மட்டும் போதும்.

உங்கள் அறிக்கையில் 'கிரால் செய்யப்பட்டது, தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை' என்ற தலைப்பின் கீழ் ஒரு கூட்டம் இருக்கும் என்று நினைக்கிறேன். அநேகமாக மாடல் வாரியாகப் போட்ட பொருள் பக்கங்கள். அதாவது கூகுள் வந்தது, படித்தது, வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. தயாரிப்பாளரின் கேட்லாக்கில் உள்ள நான்கு வரிகளை அப்படியே ஒட்டியிருப்பீர்கள். அதே நான்கு வரியை அந்த மாடலை விற்கும் எல்லோரும் ஒட்டியிருப்பார்கள். கொள்ளளவு, துல்லியம், டிஸ்ப்ளே வகை எல்லாம் எல்லாத் தளத்திலும் ஒன்றுதான், உங்கள் பக்கத்தைக் காட்ட கூகுளுக்குக் காரணம் வேண்டாமா? அந்த மெஷினைத் திறந்து பழுது பார்த்த உங்கள் டெக்னீஷியனுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்று அங்கே இருக்க வேண்டும். எந்த இடத்துக்கு இது ஒத்துவரும், எங்கே ஒத்துவராது, ஈரமான தரையில் வைத்தால் எவ்வளவு நாள் தாங்கும், பேட்டரி மாற்றுவது சுலபமா. கேட்லாக் இதையெல்லாம் சொல்லாது.

இங்கிருந்து முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். தொழில் செய்பவர் பேசும் மொழியும் வாங்க வருபவர் தேடும் மொழியும் வேறு வேறு. உங்கள் மெனுவில் 'எங்கள் தீர்வுகள்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் 'எடையிடல் கருவிகளுக்கான ஒருங்கிணைந்த பராமரிப்புச் சேவைகள்' என்று இருக்கும். இதை யார் தேடுவார்கள்? மெஷின் மக்கர் பண்ணும்போது ஒருவர் போனை எடுத்து 'எடை மெஷின் நம்பர் நிக்கல' என்று அடிப்பார். 'எடை மெஷின் ஜீரோ வரல', 'எடை மெஷின் கம்மியா காட்டுது' என்று அடிப்பார். அந்த வார்த்தைகள் உங்கள் நாற்பது பக்கத்தில் எங்காவது இருக்கிறதா?

கீவேர்டு கருவிகளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் உங்கள் அலுவலகத்தில் போன் எடுப்பவர் பக்கத்தில் நோட்டுடன் உட்காருங்கள். அவர் திருத்திச் சொல்வதை எழுதாதீர்கள், கூப்பிடுபவர் வாயிலிருந்து வருவதை எழுதுங்கள். ஐம்பது அழைப்பு எழுதினால் அதில் இருபது ஒரே ஐந்தாறு கேள்விகளாகத்தான் இருக்கும். எந்தக் கருவியும் இப்படி ஒரு பட்டியலைத் தராது. குறைவாகத் தேடப்படும் சொற்றொடர்களை அந்தக் கருவிகள் பூஜ்ஜியம் என்று காட்டிவிடும். பூஜ்ஜியம் என்று காட்டும் சொல்லைத் தேடி வந்து ஆர்டர் கொடுத்தவர்கள் உண்டு.

'நம்பர் நிக்கல' என்பதை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு பக்கம் எழுதினால் எப்படி இருக்கும்? முதல் பத்தியிலேயே விடை வர வேண்டும்: எண் ஓடிக்கொண்டே இருந்தால் முதலில் மெஷின் சமமான, ஆடாத இடத்தில் இருக்கிறதா, மேலே ஃபேன் காற்று படுகிறதா, சார்ஜ் இருக்கிறதா, தட்டு பக்கத்தில் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் ஓடினால் எடையை உணரும் பாகமான லோடு செல்லிலோ அதன் வயரிலோ கோளாறு இருக்கலாம். வயரை எலி கடித்திருக்கலாம், கனெக்டரில் ஈரம் இறங்கியிருக்கலாம், யாராவது கொள்ளளவுக்கு மேல் பாரத்தை வைத்து செல் வளைந்திருக்கலாம். ஈரம் இறங்கிய கனெக்டர் எப்படி இருக்கும் என்று உங்கள் வொர்க்‌ஷாப்பில் எடுத்த ஒரு படம். எதைத் தாங்களே செய்யலாம், எதைத் தொட்டால் கேலிபரேஷன் (எடையைச் சரியாகக் காட்டும்படி செய்த திருத்தம்) போய்விடும் என்று ஒரு பத்தி. கடைசியில் சர்வீஸ் பக்கத்துக்கு ஒரு லிங்க். இவ்வளவுதான். எழுத ஒரு மதியம் ஆகும். டெக்னீஷியன் சொல்லச் சொல்ல ரெக்கார்டு செய்து எழுதினால் அதுவும் ஆகாது.

இலவசமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் யார் நம்மைக் கூப்பிடுவார்கள் என்று முதலாளிகள் கேட்பார்கள். ஃபேனை அணைத்துச் சரியாகிவிடுகிற ஆள் எப்படியும் உங்களுக்குக் காசு தரப்போவதில்லை. அவர் கூப்பிட்டு ஆளை அனுப்பினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஒரு பக்கம் எழுதும் முன் அந்தச் சொல்லைத் தேடி முதல் பத்து முடிவுகளைக் கண்ணால் பாருங்கள். பத்தும் விளக்கக் கட்டுரைகளாக இருந்தால் உங்கள் பொருள் பக்கம் அங்கே நுழையாது. பத்தும் விலைப்பட்டியலோடு கூடிய விற்பனைப் பக்கங்களாக இருந்தால், எடை மெஷினின் வரலாறு என்று இரண்டாயிரம் வார்த்தை எழுதினாலும் நுழையாது. தேடுகிறவர் எதற்கு வந்திருக்கிறார் என்று கூகுள் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது, அது அந்தப் பத்தில் தெரியும். 'பிளாட்ஃபார்ம் எடை மெஷின் 300 கிலோ' என்று தேடுபவர் வாங்க வந்தவர். அவருக்கு வகைவகையாகப் பிரித்த பட்டியலும், படமும், விலையும், இருப்பில் உள்ளதா என்ற தகவலும் வேண்டும். விலை போடத் தயங்குபவர்கள் குறைந்தபட்சம் வரம்பையாவது போடுங்கள். 'விலைக்கு அழைக்கவும்' என்று மட்டும் இருந்தால் பேக் பட்டனை அமுக்கிவிட்டு அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்.

அப்புறம், ஒரே சேவைக்கு நான்கு பக்கம் வைத்திருப்பீர்கள் என்று ஒரு சந்தேகம். 'எடை மெஷின் சர்வீஸ்', 'எடை மெஷின் ரிப்பேர்', 'எடை மெஷின் பழுது நீக்கம்', 'தராசு சர்வீஸ்' என்று யாரோ சொல்லிப் பிரித்திருப்பார்கள். சொல் மாறினாலும் பொருள் ஒன்றுதான் என்பது கூகுளுக்கு வெகுநாளாகத் தெரியும், 2019ல் தேடலின் பொருளைப் புரிந்துகொள்ளும் பெர்ட் என்ற ஏஐ முறை வந்த பிறகு இன்னும் நன்றாகத் தெரியும். நான்கையும் ஒரே நல்ல பக்கமாகச் சேர்த்து, மற்ற மூன்று முகவரிகளையும் 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) வைத்து அதற்கு அனுப்புங்கள். பழைய பக்கங்களுக்கு வந்திருந்த லிங்கின் மதிப்பும் புதுப் பக்கத்துக்குப் போய்ச் சேரும்.

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இருநூறு பக்கம் போடும் யோசனையை யாராவது சொன்னால் அதையும் ஒதுக்குங்கள். டோர்வே பக்கங்கள் என்று அதற்குப் பெயர். தேடுபொறிக்கு ஒன்றும் ஆளுக்கு ஒன்றும் காட்டும் இன்னொரு ரக டோர்வே பக்கங்களுக்காக 2006ல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ தளத்தையே கூகுள் இண்டெக்ஸிலிருந்து தூக்கியது. ஏஐயை வைத்து ஒரே இரவில் ஐந்நூறு கட்டுரை ஏற்றுவதும் இதன் தம்பிதான். ஏஐ உதவியோடு எழுதுவதை கூகுள் தடுக்கவில்லை. தரவரிசைக்காக மட்டும் மூட்டை மூட்டையாகக் கொட்டுவதை, எழுதியது மனிதரோ மெஷினோ, 2024 மார்ச்சில் கொண்டுவந்த விதியில் ஸ்பாம் என்று சொல்லிவிட்டது.

பக்கத்துக்குள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. டைட்டில் முக்கியம், தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரியும் வரி அது. இப்போது உங்களுடையது 'முகப்பு' என்று தொடங்கி கம்பெனி பெயரில் முடியும் என்று பந்தயம் கட்டலாம். சர்வீஸ் பக்கத்துக்கு 'எடை மெஷின் சர்வீஸ், கேலிபரேஷன்' என்று தொடங்கி கடைசியில் பெயரைப் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி டைட்டில். கூகுள் சில சமயம் அதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக் காட்டும், பக்கத்தின் பெரிய தலைப்பும் டைட்டிலும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது குறையும். டைட்டிலுக்குக் கீழே வரும் சுருக்கத்துக்காக எழுதும் மெட்டா டிஸ்கிரிப்ஷன் தரவரிசையை உயர்த்தாது. ஆனால் பார்ப்பவர் கிளிக் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடம் அது, அதனால் மனிதருக்காக எழுதுங்கள். மெட்டா கீவேர்டு என்று ஒன்றில் ஐம்பது சொல் திணித்திருந்தால் அப்படியே விடுங்கள், நேரம் செலவழிக்காதீர்கள். அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. 'கீவேர்டு இத்தனை சதவீதம் வர வேண்டும்', 'ஆயிரம் வார்த்தைக்குக் குறையக் கூடாது' என்பதெல்லாம் யாரோ கிளப்பிவிட்ட கதைகள்.

விவரங்களைப் படமாகப் போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள். அளவு அட்டவணையை கேட்லாக்கிலிருந்து ஃபோட்டோ எடுத்துப் போட்டால் அதிலுள்ள எழுத்துகளை கூகுள் படிக்கும் என்று நம்ப முடியாது. பிடிஎஃப் கோப்பை கூகுள் படிக்கும்தான், ஆனால் அதற்குள் மெனு கிடையாது, போன் பட்டன் கிடையாது, போனில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். உள்ளே இருப்பதைப் பக்கமாகவே போடுங்கள், டவுன்லோடுக்கு வேண்டுமானால் பிடிஎஃப் இருக்கட்டும்.

உள் லிங்குகளைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. வெளியிலிருந்து லிங்க் கேட்டு அலைவதற்கு முன்னால் உங்கள் கையில் உள்ளதைச் செய்யலாமே. முகப்பிலிருந்து எந்த லிங்கும் போகாத பக்கங்கள் சில இருக்கும், சைட்மேப்பில் (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு) மட்டும் பெயர் இருக்கும். உங்கள் தளமே மதிக்காத பக்கத்தை கூகுள் எதற்கு மதிக்க வேண்டும்? 'நம்பர் நிக்கல' பக்கத்திலிருந்து சர்வீஸ் பக்கத்துக்கு லிங்க் கொடுக்கும்போது 'மேலும் படிக்க', 'இங்கே கிளிக் செய்க' என்று எழுதாமல் 'எடை மெஷின் சர்வீஸ்' என்ற சொல்லிலேயே கொடுங்கள். அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று படிப்பவருக்கும் கிராலருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும்.

வேகம். இதில் நிறையப் பேர் தேவைக்கு மேல் பதறுகிறார்கள். கூகுள் கொடுத்திருக்கும் அளவுகள் மூன்று: பக்கத்தின் பெரிய பகுதி கண்ணில் தெரிய 2.5 விநாடிக்குள், தட்டினால் பதில் வர 200 மில்லிவிநாடிக்குள், ஏற்றும்போது எழுத்தும் படமும் இடம் தாவுவதற்கான மதிப்பெண் 0.1க்குள். இதை உங்கள் லேப்டாப்பில் அளப்பதில்லை, உண்மையில் வந்து பார்த்தவர்களின் போன்களில் அளக்கிறார்கள். நூறு வருகையில் 75 வருகையாவது இதற்குள் இருந்தால் பாஸ். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் கருவியில் பக்கத்தின் முகவரியைப் போட்டால் மேல் பகுதியில் இந்த உண்மையான அளவும், கீழே சோதனை மதிப்பெண்ணும் வரும். சோதனை மதிப்பெண் 100 ஆக வேண்டும் என்று டெவலப்பரைத் துரத்தாதீர்கள். நல்ல விடை உள்ள மெதுவான பக்கம், விடையே இல்லாத வேகமான பக்கத்தைத் தாண்டிப் போகும். உங்களைப் போன்ற தளத்தில் பாதிப் பிரச்சினை கேமராவிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றிய ஐந்து எம்பி படங்களாகத்தான் இருக்கும். அளவைக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவில் மாற்றி ஏற்றினால் ஒரு மணி நேர வேலை.

மொபைலில் பாருங்கள். கூகுள் இப்போது தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படித்து இண்டெக்ஸ் செய்கிறது. கம்ப்யூட்டரில் முழு விவரமும் தெரிந்து, போனில் 'இடம் பத்தவில்லை' என்று அட்டவணையை எடுத்துவிட்டிருந்தால், கூகுளைப் பொறுத்தவரை அந்த அட்டவணையே இல்லை.

இனி இருக்கும் பக்கங்களை உயர்த்துவது. சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து கடைசி மூன்று மாதத்தை எடுங்கள். 16 மாதம் வரை பின்னால் போகலாம். தேடல் சொல், எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை கிளிக், சராசரி இடம் என்று வரும். உங்கள் போனில் நீங்களே தேடிப் பார்த்து 'இன்றைக்கு மூணாவது இடம்' என்று மகிழ்வது வேண்டாம், இடத்துக்கு ஏற்ப முடிவு மாறும். இந்த அறிக்கையைத்தான் நம்ப வேண்டும்.

சராசரி இடம் 8லிருந்து 20 வரை உள்ள வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். ஒரு பேச்சுக்கு, 'எடை மெஷின் கேலிபரேஷன்' என்ற சொல்லுக்கு 900 முறை காட்டப்பட்டு, 6 கிளிக், சராசரி இடம் 12 என்று ஒரு வரி இருக்கிறது. கூகுள் உங்களை ஏற்கெனவே யோசிக்கிறது, முதல் பக்கத்துக்கு ஒரு அடி வெளியே நிற்க வைத்திருக்கிறது. அந்த வரியைத் தட்டி எந்தப் பக்கம் காட்டப்படுகிறது என்று பாருங்கள். சர்வீஸ் பக்கமாக இருக்கும், அதில் கேலிபரேஷன் என்ற சொல் ஓரிடத்தில், ஏழாவது பத்தியில், போகிறபோக்கில் வந்திருக்கும். அதற்கே தனிப் பக்கம் எழுதுங்கள்: எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்தப் படிக்கற்களை வைத்து, எவ்வளவு நேரம், மெஷினைக் கொண்டுவர வேண்டுமா, நீங்களே வருவீர்களா, முடிந்ததும் என்ன சான்று தருவீர்கள். சர்வீஸ் பக்கத்திலிருந்து லிங்க் கொடுங்கள். புதிதாக நூறு கட்டுரை எழுதுவதைவிட இப்படிப் பத்து வரிகளைச் சரிசெய்தால் பலன் சீக்கிரம் தெரியும்.

இடம் 3 அல்லது 4 ஆக இருந்தும் கிளிக் வரவில்லை என்றால் டைட்டிலையும் டிஸ்கிரிப்ஷனையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால், முடிவுப் பக்கத்தின் மேலே விளம்பரமோ ஏஐ பதிலோ உட்கார்ந்திருக்கலாம். 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி இந்த ஏஐ பதில் ஏஐ ஓவர்வியூ என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. ஒரே வரியில் முடிகிற கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுவதால் ஆள் உள்ளே வர வேண்டிய தேவை இல்லை. அதற்கென்று தனி மந்திரம் எதுவும் கிடையாது, விற்பவர்களை நம்பாதீர்கள். ஒரு வரியில் முடியாத கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள்: எதை வாங்குவது, ஏன் பழுதாகிறது, யாரை நம்பலாம். உங்கள் தொழிலில் பணம் தருகிற கேள்விகளும் இவைதான்.

லிங்க் வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும். நீங்கள் எந்தத் தயாரிப்பாளரின் டீலரோ அவர்கள் தளத்தில் டீலர் பட்டியல் இருக்கும், உங்கள் பெயர் அதில் இருக்கிறதா, லிங்க் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் பழைய முகவரிதான் இருக்கும். தொழில் சங்கத்தில் உறுப்பினர் என்றால் அங்கே. பெரிய வாடிக்கையாளருக்கு ஒரு நல்ல வேலை செய்து கொடுத்திருந்தால், அதைப் படத்தோடு எழுதி அவர்களிடம் அனுப்புங்கள், அவர்களே பகிர்வார்கள். இப்படி வருடத்துக்குப் பத்து லிங்க் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அந்தப் பத்து, ஏஜென்சி சொல்லும் ஐந்நூற்றைத் தூக்கிச் சாப்பிடும். காசு கொடுத்து எங்காவது விளம்பரக் கட்டுரை போட்டால் அந்த லிங்கில் ஸ்பான்சர்டு அல்லது நோஃபாலோ என்ற குறி இருக்க வேண்டும், அது விதி.

நேரில் போய் சர்வீஸ் செய்கிற தொழில் என்பதால் கூகுள் மேப்பில் உங்கள் நிறுவனத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலும் அவசியம். மேப்போடு வரும் முடிவுகள் பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் வைத்து வருகின்றன. தூரத்தை உங்களால் மாற்ற முடியாது, மற்றதைச் செய்யலாம். சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்த அன்றே ரிவ்யூ கேளுங்கள், திட்டி வந்த ரிவ்யூவுக்கும் பதில் எழுதுங்கள். பெயருக்குப் பின்னால் கீவேர்டை ஒட்டாதீர்கள், யாராவது புகார் செய்தால் புரொஃபைலே முடங்கும்.

பக்கத்தில் எது விலை, எது இருப்பு என்று கூகுளுக்குச் சொல்லும் ஸ்கீமா குறியீட்டை டெவலப்பரிடம் சொன்னால் போட்டுவிடுவார், பொருள் பக்கத்துக்கு விலை, இருப்பு காட்ட உதவும். கேள்வி-பதில் ஸ்கீமாவுக்காக மெனக்கெடாதீர்கள். அரசு, மருத்துவத் தளங்களைத் தவிர மற்றவர்களுக்கு அதைத் தேடலில் வழக்கமாகக் காட்டப்போவதில்லை என்று 2023 ஆகஸ்டிலேயே கூகுள் அறிவித்துவிட்டது.

எவ்வளவு நாள் ஆகும்? நல்ல வேலை செய்து பலன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் என்று கூகுள் தரப்பே சொல்லியிருக்கிறது. என் அனுபவமும் அதுதான், நோஇண்டெக்ஸ் மாதிரி அடைப்பை எடுத்தால் மட்டும் சில வாரங்களில் தெரியும். வாரம் ஒருமுறை டைட்டிலை மாற்றிக்கொண்டிருந்தால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. என்ன மாற்றினோம், எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இதற்கு நடுவே தளத்தைப் புதுப்பிக்கும் ஆசை வந்தால், பழைய முகவரிகளின் பட்டியலை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் புது முகவரி எது என்று எழுதிய பிறகு ஆரம்பியுங்கள்.

உங்களுக்கு நேரமில்லை, யாரையாவது வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வையுங்கள், தப்பில்லை. மூன்று கேள்வி கேளுங்கள். என் தளத்தில் எந்தப் பக்கத்தில் என்ன மாற்றப்போகிறீர்கள்? லிங்க் வாங்கினால் எங்கிருந்து, பட்டியல் தருவீர்களா? மாதக் கடைசியில் எதைக் காட்டுவீர்கள், ரேங்க் படமா, வந்த விசாரணைகளின் எண்ணிக்கையா? முதல் கேள்விக்கே 'அது எங்கள் ரகசிய முறை' என்று பதில் வந்தால் வாசல் வரை போய் வழியனுப்பிவிடுங்கள். யாரை வைத்தாலும் சர்ச் கன்சோல், டொமைன், ஹோஸ்டிங் மூன்றிலும் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் மெயில் முகவரிதான் இருக்க வேண்டும். அவர்களுக்குப் பயனர் அனுமதி மட்டும் கொடுங்கள். இன்றைக்கே அதைத் திறந்து யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், இரண்டு வருடத்துக்கு முன் சைட் செய்து கொடுத்த பையனின் மெயிலில் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.